கதைமாந்தர் கோலம்: சுவைஞர் வேடம் பூணுதல் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

வேடம் என்னும் சொல் இக்கால மக்கள் வழக்கில் பெரும்பாலும் இழிபொருளே தந்து நிற்கின்றது. ஒருவன் வேடம் போடுகின்றான் என்றால், அவன் பிறரை ஏய்க்கின்றான் என்றே பொருள் கொள்கின்றோம். கூத்தன் அரங்கில் பூணும் வேடத்திற்கு மட்டும் இவ்விழிவினின்று விலக்குத் தருகின்றோம். அஃது அவன் தொழில் என்பதே காரணம். தொழிலும் இன்றி, ஏய்க்கும் கருத்தும் இன்றி, கதையொன்றில் ஈடுபட்ட சுவைஞர் தாமே அக்கதைமாந்தரின் கோலத்தைப் பூண்டு பலர் கூடும் இடத்தில் வந்து நிற்பாராயின், அச்செயலை என்னென்பது? அஃது எதனால் நிகழ்கின்றது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

அனிமே எனப்படும் சப்பானிய இயங்கோவியப் படங்களிலும், மங்கா எனப்படும் சித்திரக்கதைகளிலும் ஈடுபட்ட இளைஞர், அவற்றின் மாந்தரைப் போல உடுத்துக்கொண்டு ஓரிடத்தில் கூடுவது இன்று உலகெங்கும் காணப்படும் வழக்கம். 1939-இல் நியூயார்க்கில் நடைபெற்ற முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்னும் சுவைஞர் இருவர் வருங்கால மாந்தர் போல உடுத்து வந்தனர். அவ்வுடைகளைத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். ஆடை, ஆட்டம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குறுக்கி இணைத்து, இவ்வழக்கத்திற்குக் ‘காஸ்ப்ளே’ என்னும் பெயரை 1983-இல் வழங்கியவர் நோபுயுகி தகஹாசி என்னும் சப்பானியர். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் கூடிய ‘காமிக் கான்’ விழாவில் நம் நாட்டு இளைஞரும் இக்கோலங்களோடு திரண்டனர்.

இவ்வாய்வு தோன்றிய சூழலையும் ஈண்டுக் குறிப்பிடுதல் கடன். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திற் பிறந்த எம் மாணவி ஒருத்தி, அத்தகைய விழாவொன்றிற்குச் செல்ல விடுப்பு வேண்டி வந்தாள். தஞ்சிரோ என்னும் ஆண்மகனின் கோலம் பூணப் போவதாகவும் கூறினாள். “இலக்கியம் கற்பார்க்கு இச்சிறுபிள்ளை விளையாட்டுத் தகுமோ?” என்று வகுப்பிலிருந்தோர் நகைக்குமாறு யாம் வினவினோம். அவள் சினந்திலள். “அவன் தன் தங்கையைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமக்கிறான் ஐயா. அது எப்படி இருக்கும் என்று சுமந்து பார்க்க வேண்டும்” என்று மட்டும் கூறினாள். அவ்விடையின் ஆழத்தை அன்று யாம் உணரவில்லை. உணர்ந்தபின் எழுந்ததே இக்கட்டுரை.

2. புனை என்னும் சொல்

முதற்கண் தமிழ்ச் சொல்லொன்றை ஆராய்வாம். ‘புனை’ என்னும் வினை, மாலை தொடுத்தலையும் சூடுதலையும், ஆடை அணிதலையும், ஒப்பனை செய்தலையும், ஓவியம் தீட்டுதலையும், செய்யுள் இயற்றுதலையும் ஒருங்கே குறிக்கும். அவ்வேரினின்றே ‘புனைவு’, ‘புனைகதை’ என்னும் இக்காலச் சொற்களும் கிளைத்துள்ளன. கதை படைத்தலையும் உடல்மேல் அணிதலையும் ஒரு சொல்லாற் குறிக்கும் மொழியில், கதையை உடல்மேல் அணிந்துகொள்ளும் செயல் பொருந்தாச் செயலாகத் தோன்ற வேண்டுவதில்லை.

‘கோலம்’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. அழகு, உருவம், ஒப்பனை, வேடம் என அதன் பொருள் விரியும். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளும் நாள் உண்டு. அன்று காண்போர் பெருமாள் தம்மை மறைத்துக்கொண்டார் என்று கருதுவதில்லை. வேறொரு வகையால் வெளிப்பட்டார் என்றே கருதுகின்றனர். மறைத்தற்குக் கருவியாகும் கோலமே வெளிப்படுத்தற்கும் கருவியாதல் இதனால் விளங்கும்.

3. மூவகை வேடம்

இலக்கியச் சான்றுகளை நோக்கின் வேடத்தை மூவகைப்படுத்தலாம். முதலாவது, ஏய்க்கும் வேடம். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்லும் பொருட்டு முத்தநாதன் பூண்ட அடியார் கோலம் இவ்வகையது. காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இயற்றிய மத்தவிலாசம் என்னும் வடமொழி நகை நாடகமும் காஞ்சித் தெருக்களிலேயே நிகழ்கின்றது. நோன்பின் கோலம் பூண்டு, நோன்பிற்கு மாறாக ஒழுகுவாரை அந்நாடகம் நகையாடுகின்றது. வேடத்தை ஐயுறும் மரபு இந்நகருக்குப் பழையது என்க.

இரண்டாவது, கூத்தர் வேடம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்கள் இதற்குச் சான்று. இறைவன் ஆடிய கூத்தும், கொற்றவை ஆடிய கூத்தும், திருமகள் ஆடிய கூத்தும் அவ்வவர் கோலத்தோடு அவளால் ஆடப்பெறுகின்றன. இது நெடுநாள் பயின்ற கலை. காண்போர் வேறு, ஆடுவோர் வேறு.

மூன்றாவது, கூத்தரல்லாதார் தாம் போற்றும் ஒருவரின் கோலத்தைத் தாமே பூணுதல். இதனைச் சுவைஞர் வேடம் என்போம். முன்னைய இரண்டும் பலராலும் பேசப்பட்டன. மூன்றாவது தனி வகையாக எண்ணப்படாமையால், அதனை முதல் வகையோடு சேர்த்து இழித்தலோ, இரண்டாம் வகையோடு ஒப்பிட்டுக் குறைபட்டது என்றலோ நேர்கின்றது. யாம் வகுப்பில் செய்த பிழையும் இதுவே.

4. சிலம்பு காட்டும் சுவைஞர் கோலம்

மூன்றாம் வகைக்குச் சிலப்பதிகாரமே இரு சிறந்த சான்றுகள் தருகின்றது. வேட்டுவ வரியில் எயினர் தம் பழங்குடிக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கின்றனர். அவள் ஆடல் பயின்ற கணிகையல்லள். அவர்தம் வீட்டுப் பெண். அவளுக்குச் சூட்டும் அணிகளை நோக்குக. கூந்தலைச் சுற்றப் பாம்பின் வடிவம், பிறைக்கு ஈடாகப் பன்றியின் வளைந்த கொம்பு, கழுத்தில் புலிப்பல் தாலி, உடையாகப் புலித்தோல், கையில் வில், ஊர்தியாகக் கலைமான். இவற்றுட் பல அவ்வேட்டுவர் வாழ்வில் நாளும் புழங்கும் பொருள்கள். பன்றிக் கொம்பு பிறையன்று என்பதனை அதனைச் சூட்டும் எயினர் நன்கறிவர். ஆயினும் அஃது ஆண்டுப் பிறையாகவே நிற்கின்றது. அவ்வாறு நிற்பதற்குக் கொம்பின் வளைவு ஒன்றே போதாது. கொற்றவை பிறை சூடியவள் என்னும் கதையைக் கூடியிருப்போர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். எனவே சுவைஞர் வேடத்தின் முதல் இயல்பு, கைக்குக் கிடைத்த பொருளைக் கதைப்பொருளாக்குதல் ஆகும். அவ்வாக்கத்தைக் கண்டு ஏற்கும் கூட்டம் வேண்டுதல் இரண்டாம் இயல்பு.

ஆய்ச்சியர் குரவையில் இன்னும் எளிய நிலையைக் காண்கின்றோம். தீக்குறிகள் கண்டு அஞ்சிய மாதரி, ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, அவர்க்கு ஏழிசைப் பெயர்களை இடுகின்றாள். குரல் என்பாளை மாயவன் என்றும், இளி என்பாளை அவன் முன்னோன் என்றும், துத்தம் என்பாளைப் பின்னை என்றும் அழைக்கின்றாள். பெண்டிர் ஆண்பாற் கதைமாந்தராகின்றனர். அதனை எவரும் வியக்கவில்லை. இக்குரவை பொழுதுபோக்கிற்காக நிகழ்ந்ததும் அன்று. ஆயர்பாடிக்கு வரவிருக்கும் இடர் நீங்க வேண்டும் என்னும் கவலையே அவரைக் கதைக்குள் புகச் செய்தது. துன்பம் நேர்ந்தவிடத்து, தாம் நன்கறிந்த கதையொன்றைத் தம் உடலால் மேற்கொள்ளுதல் மக்கள் இயல்பு என்பதனை இளங்கோவடிகள் கண்டு காட்டினார்.

5. காஞ்சி வட்டாரக் கூத்தும் குலசேகரப்பட்டினத்து நோன்பும்

இவ்வியல்பு நூலோடு ஒழிந்ததன்று. காஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நிகழுங்கால், பகலில் பாரதம் படித்துப் பொருள் உரைத்தலும், இரவு முழுதும் கூத்தும் நடைபெறும். அக்கூத்தினைத் தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் வழங்குவர். முடி, புயம், மார்பு ஆகியவற்றில் அணியும் மரக்கட்டை அணிகலன்களே பின்னைய பெயர்க்குக் காரணம். ஒரு நாடக மரபு முழுமைக்கும் அதன் அணிகலன் பெயர் தந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இம்மரபைப் பேணும் பொருட்டுக் கலைஞர் பெ. இராசகோபால் முதலியோர் முயற்சியால் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அச்சங்கத்தார் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில், ஆடவரே ஆடிவந்த இக்கலையைச் சிறுமியரும் பயின்றனர்.

இக்கூத்தில் வேடதாரி முதலில் பிறர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாடுவான். திரை நீங்கியதும் கட்டியக்காரன் அவனை யார் என வினவுவான். அவனும் தன் பெயரும் நாடும் குலமும் கூறித் தன்னை அறிவிப்பான். முடியைக் கண்ட அளவிலேயே வந்தவன் துரியோதனன் என அறிந்துகொண்ட ஊரார், அவ்வினாவையும் விடையையும் விரும்பிக் கேட்கின்றனர். அறியாததை அறிதலினும், அறிந்ததை மீண்டும் இனங்காணுதலே ஆண்டு இன்பம் பயக்கின்றது.

கூத்தரும் ஊராரும் தனித்து நில்லாத இடங்களும் இவ்விழாவில் உள. அருச்சுனன் தபசு நாளில் வேடதாரி உயர்ந்த தபசு மரத்தில் ஏறிப் பாடி, பழமும் திருநீறும் வீசுகின்றான். மகப்பேறு வேண்டும் மகளிர் கீழே நின்று அவற்றை முந்தானையில் ஏந்துகின்றனர். மரத்தின்மேல் இருப்பவன் பக்கத்து ஊர்க் கலைஞன் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். அறிந்தே ஏந்துகின்றனர். இறுதி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் பேருருவின் முன் படுகளம் நிகழ்கின்றது. காப்புக் கட்டியவர் தீ மிதிக்கின்றனர். காண்போர் இவ்வாறு படிப்படியே கதைக்குள் வருகின்றனர்.

காண்போர் முற்றும் வேடதாரிகளாகிவிடும் நிலையைக் காணத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்திற்குச் செல்லுதல் வேண்டும். ஆண்டு முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் அடியார் பல்லாயிரவர் வேடம் பூணுகின்றனர். காளி, அரசன், குறத்தி, குரங்கு, காவலர் என அவ்வேடங்கள் பலவகைப்படும். காளி வேடம் பூணுவார் நெடுநாள் நோன்பிருப்பர். வேடம் பூண்டோர் ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துகின்றனர். சூரசம்மாரம் முடிந்தபின் காப்பைக் களைகின்றனர். இவர்கள் கூத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். உழவும் வணிகமும் கூலி வேலையும் செய்வோர். சுவைஞர் வேடம் தமிழ்நாட்டில் இன்றும் பெருவழக்காக உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

6. மெய்ப்பாட்டின் நிறைவு

இனி, இச்செயலின் காரணத்தை ஆராய்வாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்டோர் சுவைப்படு பொருள், அதனை நுகரும் உணர்வு, உள்ளத்தெழும் குறிப்பு, உடலில் தோன்றும் விறல் எனச் சுவையின் படிகளை விளக்குவர். சுவைத்தல் உள்ளத்தளவில் நின்றுவிடுவதன்று; கண்ணீராகவும் மயிர்க்கூச்சாகவும் உடலில் வந்து முடிவது என்பதே அவர் கருத்து. மெய்ப்பாடு என்னும் பெயரே மெய்யின்கண் படுதலைக் குறித்தது. கதைமாந்தர் கோலம் பூணுதலை யாம் இப்படிகளின் தொடர்ச்சியாகக் கருதுகின்றோம். கதையினால் எழுந்த குறிப்பு ஒரு கணத்துக் கண்ணீரோடு அமையாது, பல நாள் உழைப்பாகவும் ஒரு நாள் கோலமாகவும் மெய்யின்கண் படுகின்றது.

இவ்வுழைப்பின் தன்மையை நோக்குக. எம் மாணவி தேர்ந்த தஞ்சிரோ, கொயொகரு கொதோகே என்னும் புனைபெயருடைய ஆசிரியர் 2016 முதல் 2020 வரை எழுதி வரைந்த ‘கிமெட்சு நோ யாய்பா’ என்னும் சித்திரக்கதையின் தலைவன். கரி விற்கும் குடும்பத்தில் மூத்த மகன். அரக்கனால் குடும்பத்தை இழந்து, அரக்கியாக மாறிவிட்ட தங்கை நெசுகோவை மீண்டும் மனிதப் பெண்ணாக்க முயல்பவன். பகலொளி அவளுக்கு ஆகாது. ஆதலின் பெட்டியில் வைத்துச் சுமக்கின்றான். அவன் மேலாடை பச்சையும் கறுப்புமாகிய கட்டங்கள் உடையது. அம்மாணவி அக்கட்டங்களை எண்ணி, அளந்து, துணி வெட்டித் தைத்தாள்; அட்டையும் மெல்லிய பலகையும் கொண்டு பெட்டி செய்தாள். பெட்டிக்கு எவ்வளவு கனம் வேண்டும், வாரினைத் தோளில் எங்கே பொருத்த வேண்டும், அதனைச் சுமந்து நடப்பவன் எவ்வாறு குனிவான் என்னும் வினாக்களுக்கு அவள் விடை காண வேண்டியிருந்தது. இவையெல்லாம் கதையைப் பற்றிய வினாக்களே. உரையாசிரியர் ஒரு செய்யுளைச் சொற்சொல்லாக நிறுத்திப் பொருள் காண்பது போல, அவள் அம்மாந்தனை இழையிழையாக நிறுத்திப் பொருள் கண்டாள். ஆதலின் கோலமும் ஓர் உரையே என்பது எம் துணிபு.

அவள் அவனைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. தாயும் தந்தையும் தறியில் இருந்த நாள்களில் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள் என்பதைப் பின்னரே அறிந்தோம். கதைமாந்தர் பலருள் ஒருவரைத் தேர்ந்து பூணும்போது, சுவைஞர் தம்மையும் கூறிவிடுகின்றனர். நேரே கூற நாணும் ஒன்றைக் கோலத்தின் வாயிலாகக் கூறுகின்றனர்.

இந்நிலையில் பூணுவோர் தம்மை மறந்துவிடுகின்றனரா எனின், இல்லை என்க. காஞ்சி நெசவில் கோர்வை என்னும் முறை உண்டு. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகத் தனித்தனி நாடாக்களால் நெய்து, இரண்டும் கூடும் எல்லையில் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பர். இருநிறமும் கலந்து மூன்றாம் நிறமாவதில்லை. பிரிந்து நிற்பதும் இல்லை. பூணுவோரும் பூணப்பட்ட மாந்தரும் கூடி நிற்கும் நிலை இத்தகையது. எதிர்ப்பட்டோர் ‘தஞ்சிரோ’ என்று அழைத்தபோது அவள் திரும்பினாள். அடுத்த நொடியில் தையற்கூலி மிச்சம் என்று தோழியிடம் தன் பேச்சாகவே பேசினாள்.

7. தடைகளும் விடைகளும்

அயல்நாட்டுக் கதையின் கோலம் நமக்கு எதற்கு என்பர் சிலர். பாரதமும் வடமொழியினின்று வந்த கதையே. வில்லிபுத்தூரார் அதனைத் தமிழிற் பாடினார். ஊரார் அதனை விழாவாக்கினர். கூத்தர் அதனைக் கட்டையணிந்து ஆடினர். இன்று திரௌபதி நம் ஊர்களில் அம்மனாக வீற்றிருக்கின்றாள். கதை எங்கே பிறந்தது என்பதைவிட, யார் அதனைச் சுமக்க முன்வந்தனர் என்பதே அதன் உரிமையை முடிவு செய்கின்றது. தஞ்சிரோவும் நெசுகோவும் அவ்வாறு நம்மோடு தங்குவரா என்பதைக் காலமே கூறும். பூணுதலைப் பழித்தற்கு அஃது ஏதுவாகாது.

இது வாழ்வினின்று தப்பியோடுதல் என்பர் வேறு சிலர். பாரத விழாவிற்குக் காப்பு உண்டு. காப்புக் களைதலும் உண்டு. கூத்தின் கட்டையணிகள் விடிந்ததும் பெட்டிக்குள் செல்கின்றன. எல்லை வகுத்துக்கொண்டு புகுந்து, எல்லை வந்ததும் மீளுதலைத் தப்புதல் என்றல் பொருந்தாது. எம் மாணவியும் மறுநாள் வகுப்பிற்கு வந்திருந்தாள்.

வணிகம் பற்றிய தடையே வலியது. ஆயத்தமாக விற்கும் உடையை வாங்கி அணிதலும், பரிசு ஒன்றே குறியாகப் போட்டியிடுதலும் பெருகியவிடத்து, உரைகாணும் உழைப்புக் குன்றும் என்பது உண்மை. நிறமும் உடலமைப்பும் படத்தில் உள்ளபடி இல்லை என்று பூணுவோரை எள்ளுதலும் ஆங்காங்கே நிகழ்கின்றது. இவ்வெள்ளல், ஒப்புமையே வேடத்தின் உயிர் என்னும் பிழைபட்ட கருத்தினின்று எழுவது. பன்றிக் கொம்பு எவ்வளவு பிறையை ஒத்தது என்று எயினர் அளந்தாரல்லர். மாயவனாக நின்ற ஆய்மகளின் நிறத்தையும் மாதரி நோக்கினாளல்லள். கோலத்தை அளக்கும் கோல் ஒப்புமையன்று. அது கதையை எவ்வளவு உணர்ந்தது என்பதே.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கதைமாந்தர் கோலம் பூணும் சுவைஞர் பிறரை ஏய்ப்பவரும் அல்லர், தேர்ச்சியற்ற கூத்தரும் அல்லர் என்பது பெறப்படும். தாம் ஈடுபட்ட கதையைத் தம் மெய்யின்கண் படச் செய்து, அறிந்தோர் நடுவே நின்று, இனங்காணப் பெற்று மகிழ்வோர் அவர். அவர் செயல் சுவையின் நிறைவும் உரையின் ஒரு வகையும் ஆகும். வேட்டுவ வரியும் ஆய்ச்சியர் குரவையும் பாரத விழாவும் குலசேகரப்பட்டினத்து நோன்பும் அதன் முன்னோர். நோன்பில் தெய்வமும் நேர்த்தியும் உள. இளைஞர் விழாவில் அவை இல. ஆயினும், கதையைக் கேட்டு அமையாது சுமந்து பார்க்க வேண்டும் என்னும் வேட்கை இரண்டிற்கும் பொதுவாகும்.

இது தமிழ் பயிற்றுவோர்க்கும் ஒரு பாடம் உணர்த்துகின்றது. சிலப்பதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். வேட்டுவ வரியில் தேர்வு வினாக்களும் விடுக்கின்றோம். புலிப்பல் தாலியின் கனம் அக்குமரியின் கழுத்தில் எவ்வாறிருந்தது என்று எம் வகுப்பில் ஒருவரும் வினவியதில்லை, யாமும் வினவியதில்லை. இவ்வாண்டு அப்பகுதியைக் கற்பிக்கும்போது, கொற்றவை கோலத்தைக் கைக்குக் கிடைத்த பொருள்களால் புனையுமாறு மாணவரிடம் கூறினோம். அட்டையும் கயிறும் பழந்துணியும் கொண்டு அவர்கள் புனைந்தனர். குமரியாக நிற்க முன்வந்தவள் நாம் முன்னே கூறிய மாணவியே. பிறைக்கு ஈடாக என் செய்வாள் என்று நோக்கியிருந்தோம். வீட்டினின்று கொணர்ந்த பழைய தறிநாடா ஒன்றை, இருமுனையும் வளைந்து கூர்ந்ததை, அவள் கூந்தலிற் செருகிக்கொண்டு நின்றாள். வகுப்பு முழுதும் அமைதியுற்றது. இம்முறை எவரும் நகைக்கவில்லை.